மச்சினன் எஸ்டீமும் மாமனார் கிணறும்

என் மச்சினனுக்கு வாழ்க்கையில் இரண்டு காதல். முதலாவது வீட்டுக்குத் தெரிந்து, பந்தல் போட்டு, மொய் எழுதி, கல்யாணத்தில் முடிந்துவிட்டது. இரண்டாவது, 1998 மாடல் மாருதி எஸ்டீம். அதை மட்டும் வீட்டுக்குத் தெரியாமல் நடத்திக்கொண்டிருந்தான்.

போன வருஷம் ஆனி மாசத்தில் ஒரு வியாழக்கிழமை ராத்திரி போன்.

"மச்சான், ரெண்டு நாள் லீவு போட்டுட்டு கோயமுத்தூர் வாங்க. வண்டி எஞ்சின் போயிருச்சுங்க."

"மெக்கானிக்கைக் கூப்பிடு மாப்ள. நான் பி.காம்."

"எஞ்சினுக்கு இல்லீங்க மச்சான். அப்பாகிட்டச் சொல்றதுக்கு!"

பத்திரிகைக்கு எழுதிப் பிழைக்கிறவனுக்கு லீவு போடுவதில் ஒரு சௌகரியம், யாரிடமும் கேட்க வேண்டாம். ஒரு கஷ்டம், சம்பளமும் வராது. சேரன் எக்ஸ்பிரஸில் ஏறிப் படுத்தேன். விடிகாலையில் கோவை ஜங்ஷனில் இறங்கி ஒரு டம்ளர் சிறுவாணித் தண்ணீர் குடித்தேன். சென்னையில் கேன் தண்ணீர் குடிக்கிறவனுக்கு அது பாயசம். ஈரோட்டில் பிறந்த எனக்கு இதைச் சொல்லக் கொஞ்சம் கூச்சம்தான். காவிரிக்காரன் சிறுவாணியைப் புகழக்கூடாது!

மச்சினன் என்னை நேராகக் கணபதிக்குக் கூட்டிப்போனான். ஒரு சந்து. லேத், மோட்டார் வைண்டிங், கிரைண்டிங், பேட்டர்ன் செய்கிறவர், டீக்கடை, மறுபடி லேத். கோயமுத்தூரில் இப்படிப்பட்ட சந்தில் நுழைந்து ஒரு இரும்புத் துண்டைக் காட்டி, 'இதே மாதிரி இன்னொண்ணு வேணும்' என்றால், எதற்கு என்று கேட்கமாட்டார்கள். எத்தனை என்றுதான் கேட்பார்கள்.

கடைசிக் கடையில் எஸ்டீமின் எஞ்சின் பெஞ்சின்மேல் மல்லாக்கக் கிடந்தது. மெக்கானிக் அண்ணன், கட்டை விரல் அகலத்துக்கு வளைந்த ஒரு தகட்டை என் கையில் வைத்தார். பேரிங் ஷெல். கண்ணாடி மாதிரி வழவழவென்று இருக்கவேண்டிய உள்பக்கம் உரிந்து, கறுத்து, ஓரம் சுருண்டிருந்தது.

"எண்ணெய் இல்லாம எரிஞ்சிருக்கு" என்றார்.

"காலைல பார்த்தேன்ங்ணா. டிப் ஸ்டிக்ல ஃபுல் மார்க்!" என்று மச்சினன் சத்தியம் செய்தான்.

"இப்பவும் ஃபுல்லாத்தான் இருக்குது. நான்தானே வடிச்சேன்."

எனக்குத் தலை சுற்றியது. எண்ணெய் முழுசாக இருக்கிறது. எஞ்சின் எண்ணெய் இல்லாமல் செத்திருக்கிறது. ஆடிட்டரிடம் கொண்டுபோனால் கையெழுத்துப் போடமாட்டார்.

அண்ணன் பொறுமையாகச் சொன்னார். எஞ்சினுக்கு அடியில் ஒரு தகரத் தொட்டி. அதற்கு ஆயில் சம்ப் என்று பேர். அதில் சுமாராக மூன்றரை லிட்டர் எண்ணெய். தொட்டியின் அடிமட்டத்தில் ஒரு குழாய் வாயை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. பம்ப் அந்தக் குழாய் வழியாக எண்ணெயை இழுத்து, கிராங்க் சுற்றுகிற பேரிங்குகளுக்கு அனுப்புகிறது. கிராங்குக்கும் பேரிங்குக்கும் நடுவில் இருக்கிற இடைவெளி ஒரு தலைமுடியின் பருமன்கூட இருக்காது. அந்த இடைவெளியில் எண்ணெய் அழுத்தமாக நிற்கிறவரை இரும்பும் இரும்பும் தொட்டுக்கொள்ளாது. எஞ்சின் 6000 ஆர்.பி.எம்மில் ஓடினால் நொடிக்கு 100 சுற்று. இரண்டு நொடி எண்ணெய் வராவிட்டால் இருநூறு சுற்று வெறும் இரும்பில்.

"எண்ணெய் ஏன் வரலை?"

அண்ணன் பதில் சொல்லாமல், பாதி டீ இருந்த கண்ணாடி டம்ளரைப் பெஞ்சின்மேல் வைத்து, சடாரென்று பக்கவாட்டில் இழுத்தார். டீ ஒரு பக்கமாக ஏறி, இன்னொரு பக்கம் டம்ளரின் அடி தெரிந்தது. (கொஞ்சம் என் சட்டையிலும் தெரிந்தது.)

"குழாய் வாய் இந்தப் பக்கம். எண்ணெய் அந்தப் பக்கம். வளைவு முடியறவரைக்கும் பம்ப் காத்தைத்தான் குடிக்கும்."

புரிந்தது. என் படிப்புக்குத் தோதாகவே புரிந்தது. பாலன்ஸ் ஷீட்டில் நிலம், கட்டடம், வரவேண்டிய பாக்கி எல்லாம் லட்சக்கணக்கில் இருக்கும். ஒண்ணாம் தேதி காலை கல்லாவில் காசு இருக்காது. செக் திரும்பி வரும். கம்பெனி பணக்காரக் கம்பெனிதான், ஆனால் காலி. மச்சினன் எஞ்சின் செத்தது அப்படித்தான்.

எவ்வளவு தூரம் சாயும் என்று ஒரு கணக்கு இருக்கிறது. பூமி நம்மைக் கீழே இழுக்கிற அதே பலத்தில் வளைவு காரைப் பக்கவாட்டில் இழுத்தால், சம்பிலிருக்கும் எண்ணெயின் மேல்மட்டம் 45 டிகிரி சாய்ந்துவிடும். அவிநாசி ரோட்டில் ஆபீஸ் போகிறவர்களுக்கு இது நடக்காது. அங்கே வளைவில் வேகமாகத் திரும்புகிற அளவுக்கு டிராஃபிக் யாரையும் விடுவதில்லை. சாதா டயர் போட்ட காரும் அந்த எல்லைக்கு வருவதற்குள் கீச்சென்று கத்தி வழுக்கிவிடும். நல்ல ஒட்டுகிற பந்தய டயர் போட்டால்தான் கார் வழுக்காமல் வளைவைப் பிடித்துக்கொண்டு போகும். எண்ணெயும் சுவரேறும்.

"டயர் புதுசா?" என்றேன் மச்சினனிடம்.

பதில் இல்லை.

"மாப்ள, டயர் எந்தக் காசுல வாங்கினே?"

"போர் மோட்டார் மாத்தச் சொல்லி அப்பா குடுத்த காசுங்க மச்சான்..."

இப்போதுதான் எனக்கு டிக்கெட் எடுத்து வரவழைத்த காரணம் முழுசாகத் தெரிந்தது. பல்லடம் பக்கம் மாமனார் தோட்டத்தில் ஆயிரம் அடி போரில் மோட்டார் மக்கர் செய்து, தென்னை வாடிக்கொண்டிருக்கிறது. அந்தப் பணம் நான்கு டயராக மாறி, டயர் வளைவைப் பிடித்து, வளைவு எண்ணெயைத் தள்ளி, எண்ணெய் எஞ்சினைக் கொன்றிருக்கிறது. பழைய டயரே இருந்திருந்தால் எஞ்சின் பிழைத்திருக்கும்!

"சிவப்பு லைட் எரியலையா?"

"வளைவுல மட்டும் மினுக்மினுக்னுச்சு. லூஸ் கான்டாக்ட்னு நினைச்சேன்."

டாஷ்போர்டில் எண்ணெய்க் குடம் மாதிரி ஒரு சிவப்பு லைட் இருக்குமே, அதைப் பற்றி ஆபீஸுக்குக் கார் ஓட்டுகிறவர்களும் தெரிந்துகொள்ளலாம். எண்ணெய் அழுத்தம் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை என்கிற நிலைக்கு இறங்கினால்தான் அது எரியும். 6000 ஆர்.பி.எம்மில் ஓடுகிற எஞ்சினுக்கு நாலு கிலோ அழுத்தமாவது வேண்டும் என்பது மெக்கானிக்குகளின் கைக்கணக்கு. அழுத்தம் நாலிலிருந்து ஒன்றுக்கு இறங்கினாலும் அந்த லைட் வாயைத் திறக்காது. எல்லாம் முடிகிற நேரத்தில் எரியும். எங்கள் ஊரில் மழை வந்தபிறகு மழை எச்சரிக்கை வருகிற மாதிரி.

மறுநாள் சனிக்கிழமை. பல்லடம் போகிற வழியில்தான் செட்டிபாளையம். அங்கே கரி மோட்டார் ஸ்பீட்வே. கொலை நடந்த இடத்தைப் பார்க்காமல் போகக்கூடாது என்று இறங்கினேன். போத்தனூர் தாண்டினாலே பாலக்காட்டுக் கணவாயிலிருந்து காற்று ஆளைத் தள்ளுகிறது. ஆடி பிறக்க இன்னும் சில நாள் இருந்தது. காற்று அதற்குள் வந்துவிட்டது.

நீளம் 2.1 கிலோமீட்டர். 2003-ல் திறந்த டிராக் இது. பேர் எஸ். கரிவர்தன் நினைவாக. கோவையில் மில் குடும்பத்தில் பிறந்தவர். மில் கணக்கைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். 1988-ல் மாருதி 800-ன் குட்டி எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி என்கிற ஒற்றை ஆள் பந்தயக் காரை ஊரிலேயே செய்து ஓடவிட்டார். வெளிநாட்டுக் கார் வாங்க வசதி இல்லாத பையன்கள் பந்தயத்தில் உட்கார முடிந்தது அதற்குப் பிறகுதான். 1995-ல் விமான விபத்தில் போய்விட்டார். கோவைக்காரரான நாராயண் கார்த்திகேயன் முதலில் ஓட்டிய பந்தயக் கார் ஃபார்முலா மாருதி. 2005-ல் அவர் ஜோர்டான் அணியில் ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியர் ஆனதும், அந்த வருஷம் இண்டியானாபோலிஸில் நான்காவதாக வந்ததும் உங்களுக்குத் தெரியும். அன்றைக்கு டயர் தகராறில் ஆறே ஆறு கார்தான் ஓடியது என்று சொல்லி யாராவது சிரித்தால், கோயமுத்தூர்க்காரர்கள் முன்னால் மட்டும் சிரிக்கவேண்டாம்.

ஃபார்முலா ஒன்னில் வளைவு இழுக்கிற இழுப்பு பூமியைப் போல நான்கு மடங்கைத் தாண்டும். எண்ணெய் அங்கே சுவர் மாதிரி நிமிர்ந்து நின்றுவிடும். அதனால் சம்பில் எண்ணெயே வைப்பதில்லை. அடியில் விழுகிற எண்ணெயை உடனுக்குடன் வேறு பம்புகள் உறிஞ்சி, தனியாக ஒரு ஒல்லியான உயரமான டாங்கில் ஊற்றும். அங்கிருந்து எஞ்சினுக்கு. பேர் டிரை சம்ப். ஏதோ ராக்கெட் சமாச்சாரம் என்று வாயைப் பிளக்காதீர்கள். உங்கள் பெரியப்பா வைத்திருந்த பழைய இரும்பு எஞ்சின் புல்லட்டிலும் கிட்டத்தட்ட இதே ஏற்பாடுதான். எண்ணெய்க்குத் தனி அறை. கொடுக்க ஒரு பம்ப், திருப்பி எடுக்க ஒரு பம்ப். நாலு வாரம் நிறுத்திவைத்தால் எண்ணெய் கசிந்து கிராங்க் பக்கம் இறங்கிவிடும். அப்புறம் உதைத்தால் தெருவே கொசு மருந்து அடித்த மாதிரி ஆகும்.

டிராக்கில் அன்றைக்குப் பயிற்சி. எஞ்சின் சத்தத்தில் மச்சினன் துக்கத்தை மறந்து, எந்த வளைவு, எத்தனையாவது ரவுண்டு என்று கை காட்டினான். பந்தயக் கார்களில் இன்னொரு டப்பாவையும் காட்டினான். பிஸ்டன் ஓரமாகத் தப்பித்துக் கீழே வருகிற புகை, கிராங்க் இருக்கும் அறையில் அடைந்துகொண்டால் சீல்களைப் பிதுக்கும். அதனால் மூச்சுக்குழாய் வைத்து வெளியே விடுவார்கள். புகையோடு எண்ணெயும் தெறித்து வரும். அதைப் பிடிக்கத்தான் டப்பா. இரண்டாயிரம் சி.சி. வரைக்கும் உள்ள வண்டிக்கு இரண்டு லிட்டராவது பிடிக்கவேண்டும் என்று சர்வதேச விதியே இருக்கிறது. ஒருத்தர் சிந்திய எண்ணெயில் பின்னால் வருகிறவர் வழுக்கி விழக்கூடாதே! சிந்திவிட்டால் மஞ்சளில் சிவப்புப் பட்டை போட்ட கொடியை ஆட்டுவார்கள். நம்ம ஊர்க் கல்யாண மண்டபங்களில் பந்தி நடுவில் ரசம் சிந்தினால்கூட ஆட்டலாம்.

அங்கிருந்து பல்லடம் ரோடு. காற்றாலைகள், கோழிப் பண்ணைகள், ஊருக்குள் நுழைந்தால் தறிச் சத்தம். தோட்டத்து வாசலில் மாமனார், தோளில் துண்டோடு.

"வாங்க மாப்பிள்ளை. என்ன ரெண்டு பேரும் ஒட்டுக்கா வந்திருக்கறீங்?"

அரிசியும் பருப்புஞ்சாதம், மேலே நெய், தொட்டுக்கொள்ளத் தயிர். கெட்ட செய்தியைச் சாப்பாட்டுக்கு முன்னால் சொல்வதா, பின்னால் சொல்வதா? நான் பின்னால் என்று முடிவு செய்தேன். (நெய்தான் காரணம்.) கை கழுவியதும் சொன்னேன். டயர், டிராக், எஞ்சின், மோட்டார் காசு, எல்லாம்.

மாமனார் ஒரு வார்த்தை பேசவில்லை. பையனையும் பார்க்கவில்லை. வெத்தலைக்குச் சுண்ணாம்பு தடவுவதை நிறுத்தி, கொஞ்ச நேரம் தென்னை மரங்களைப் பார்த்தார். மட்டைகள் தொங்கிப்போய் இருந்தன. அவர் திட்டியிருந்தால் எனக்குச் சாப்பாடு செரித்திருக்கும்.

அப்புறம் கேட்டார்: "எண்ணெய் இருந்துச்சா?"

"ஃபுல்லா இருந்துச்சுங்க மாமா."

"இருந்தும் எரிஞ்சுதா?"

"ஆமாங்க. வளைவுல எண்ணெய் ஒதுங்கிருச்சு. குழாய் காத்தை இழுத்துருச்சு."

அவர் எழுந்தார். "வாங்க" என்று முன்னால் நடந்தார். தோட்டத்துக் கோடியில் பழைய கிணறு. எட்டிப் பார்த்தால் பாறை, பாறைக்குக் கீழே பாசி. பக்கத்து மோட்டார் ரூமில் பழைய பம்ப் செட் சாக்கு போர்த்திக்கொண்டு கிடந்தது. மூலையிலிருந்து ஒரு துருப்பிடித்த இரும்பு உருண்டையை எடுத்து மண்ணைத் தட்டினார்.

"இது என்ன தெரியுமுங்களா மாப்பிள்ளை?"

"ஃபுட் வால்வு."

"கெணத்துல தண்ணி இறங்கும். ஃபுட் வால்வு முங்கியும் முங்காம நிக்கும். தண்ணி சுழிச்சுக்கிட்டு நடுவால காத்து உள்ள போகும். மோட்டார் சத்தம் மாறும். சத்தம் மாறுன உடனே ஓடி வந்து நிறுத்தோனும். நிறுத்துனா, சாணித் தண்ணி ஊத்தி மறுபடி எடுத்துக்கலாம். நிறுத்தலேன்னா..." துண்டால் கையைத் துடைத்தார். "கெணத்துல ஒரு ஆள் மட்டம் தண்ணி கெடக்கும். மோட்டார் எரிஞ்சிரும். நாப்பது வருசம் இந்தச் சத்தத்துக்குக் காது குடுத்துத் தூங்குனவன் நானு. எங்கூட்டுப் பையனுக்கு லைட் மினுக்குறது தெரியல!"

மச்சினன் தலையைத் தொங்கப் போட்டான்.

எனக்கு அப்போது ஒன்று தோன்றியது. கோயமுத்தூரில் ஏன் கார் பந்தயம் என்று பல பேர் கேட்டிருக்கிறார்கள். மில் முதலாளிகளிடம் காசு இருந்தது என்பார்கள். அது பாதிதான். 1932-ல் பைக்காரா கரண்ட் வந்தது. கிணறு தோண்டியவர்களுக்கு மோட்டார் வேண்டியிருந்தது. பொள்ளாச்சி-பழனிக்கு பஸ் ஓட்டி ஆரம்பித்த ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் 1937-ல் இங்கேயே மின்மோட்டார் செய்தார்கள். இந்தியாவிலேயே முதல் என்று ஊரில் பெருமை. அப்புறம் தெருவுக்குத் தெரு வார்ப்படம், லேத், பம்ப் செட். பேரிங் ஏன் எரிகிறது என்று தெரிந்த ஆட்கள் நாலு பக்கமும் இருக்கிற ஊரில்தான் ஒரு மனுஷனுக்கு, கார் செய்து பார்ப்போம் என்று தோன்றும்.

தீர்ப்பு சாயங்காலம் வந்தது. முதலில் போர் மோட்டார். டயரை விற்று, மீதியை மச்சினன் சம்பளத்தில் மாசாமாசம் கட்டவேண்டும். கார் தார்ப்பாய்க்குள். மட்டை நிமிர்கிறவரை சாவி மாமனாரிடம்.

நான் நினைத்ததைவிட லேசான தண்டனை. கிளம்பும்போது கேட்டார்: "அந்தச் சம்புக்கு என்ன வைத்தியம் பண்ணுவாங்களாம்?"

அண்ணன் சொன்னதைச் சொன்னேன். சும்மா ஒரு லிட்டர் எண்ணெய் அதிகம் ஊற்றினால் சரியாகிவிடும் என்று சிலர் செய்வார்கள், அது வம்பு. கிராங்க் எண்ணெயில் முங்கி, மத்தில் தயிர் கடைகிற மாதிரி நுரைத்துவிடும். நுரையில் பாதி காற்று. பம்புக்கு மறுபடி அதே கதி. கிராங்குக்குக் கீழே ஓட்டை போட்ட தகடு ஒன்று வைப்பார்கள். மேலிருந்து தெறிக்கிற எண்ணெய் அரிதட்டில் விழுந்த மாதிரி கீழே இறங்கும், மறுபடி கிராங்க் காற்றில் சிக்காது. அதற்கும் கீழே, குழாய் வாயைச் சுற்றித் தகரத் தடுப்புகள். தடுப்பில் கீல் வைத்த குட்டிக் கதவுகள். குழாயை நோக்கி மட்டும் திறக்கும். எண்ணெய் உள்ளே வரலாம். ஒதுங்கி ஓடப் பார்த்தால் கதவு சாத்திக்கொள்ளும்.

மாமனார் கையிலிருந்த ஃபுட் வால்வைத் திருப்பி, உள்ளே இருந்த தோல் மடலை விரலால் தட்டிக் காட்டினார். அது ஒரு பக்கம் மட்டும் திறந்தது. ஒன்றும் சொல்லவில்லை.

ஆவணியில் மோட்டார் ஓடியது. ஐப்பசியில் மழையும் வந்தது. எஞ்சின் வேலை முடியத் தை மாசம் ஆயிற்று. கிராங்கைத் தேய்த்து, அடுத்த சைஸ் பேரிங் போட்டு, சம்பைக் கதவுகளோடு வெல்டிங் செய்து, டாஷ்போர்டில் சிவப்பு லைட்டுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய ஆயில் பிரஷர் மீட்டர். டயர் சாதா டயர்தான். அது மாமனார் கண்டிஷன்.

டிராக் நாளுக்கு நானும் போயிருந்தேன். எங்களோடு மாமனாரும்! மடித்துக் கட்டிய வேட்டி, பொங்கலுக்கு எடுத்த புதுத் துண்டு, பிளாஸ்கில் காபி. கார் ஓடுவதைப் பார்ப்பார் என்று நினைத்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு காதைக் கொடுத்து உட்கார்ந்திருந்தார். பத்து ரவுண்டு. எத்தனையாவதாக வந்தான் என்று நான் சொல்லப்போவதில்லை, குடும்ப கௌரவம்.

மச்சினன் இறங்கி வந்ததும் அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

"வளைவுல எவ்வளவு காட்டுச்சு?"

"நாலு கிலோங்கப்பா. ஒரு தடவை மூணே முக்கால்."

"முக்காலா..." என்று முனகிக்கொண்டே போய் பானெட்டைத் திறக்கச் சொன்னார். டிப் ஸ்டிக்கை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து, வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். துடைத்தது புதுத் துண்டில் என்பதை வீட்டுக்குப் போகிற வழியில், போத்தனூர் தாண்டித்தான் கவனித்தார்.

"மாப்பிள்ளை, அத்தைகிட்ட நீங்கதான் சொல்லோனும்" என்றார்.